செல்லாத சுத்து

அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் ஆடித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இரண்டு கட்சி. அம்மனுக்காக வருகிறவர்கள் ஒன்று, ராட்டினத்துக்காக வருகிறவர்கள் இன்னொன்று. ராட்டினக் கட்சிக்குத் தலைவி குப்பம்மாக்கா. யாரும் ஓட்டுப் போட்டு அவளை உட்கார வைக்கவில்லை. தானாகவே ஏற்றுக்கொண்ட பதவி என்பதால் யாராலும் இறக்கவும் முடியவில்லை.

சின்ன வயதில் நாற்று நட்டவள். நிலமெல்லாம் கம்பெனிகளாக மாறிய பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு திருகாணிக் கம்பெனிக்குப் போனாள். கோணல் திருகாணிகளைப் பொறுக்கி எறிவதுதான் வேலை. சாயங்காலம் வீடு திரும்பிய பிறகும் கை அடங்காது. தெருவில் யார் வீட்டில் எது கோணல் என்று பொறுக்க ஆரம்பித்துவிடுவாள். புருஷன் சின்னப்பையன் அதிகம் பேச மாட்டார். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அக்காவே பேசி முடித்துவிடுவதால் அவருக்கு மிச்சம் கிடைப்பதில்லை.

ராட்டினம் பூந்தமல்லி வரதனுடையது. மரத்தால் ஆனது, நான்கே தொட்டிகள். அவனிடம் வேலை பார்த்த மதுரைவீரனும் இன்னொரு ஆளும் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். அது ஏறும்போது ஒரு கிறீச், இறங்கும்போது ஒரு கிறீச். கிளிப் படம் போட்ட பச்சைத் தொட்டியில் குப்பம்மாக்கா ஏறி இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் அதில் உட்காரலாம். அம்மனுக்குக்கூட அவ்வளவு மரியாதையோடு அவள் கூழ் ஊற்றி நான் பார்த்ததில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் தெருவில் பெண் பார்ப்பது ராட்டினத்தில்தான். பஜ்ஜி, காபி, நமஸ்காரமெல்லாம் கிடையாது. பையன் வீட்டார் திருவிழாவுக்கு வந்தது போல வருவார்கள். பையன் ஒரு தொட்டியில் உட்காருவான். பெண் தன் தோழியோடு எதிர்த் தொட்டியில் உட்காருவாள். மதுரைவீரன் மெதுவாகத் தள்ளுவான். பெண்ணின் தொட்டி கீழே வரும்போதெல்லாம் கொஞ்சம் தயங்குவான். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டையை ஒரு தட்டு தட்டி இறங்கி, வளையல் கடைப் பக்கம் போய்விடலாம். பையன் வீட்டார் பொரி வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். பிடித்திருந்தால் இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். அடுத்த வாரம் பூவும் பழமும் தட்டில் வரும்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. வேண்டாம் என்ற சொல்லே வாயில் வராமல் எத்தனையோ சம்பந்தங்கள் மரியாதையாகக் கலைந்திருக்கின்றன. குப்பம்மாக்கா இதை நினைத்து நினைத்துப் பூரித்துப்போவாள். "நம்ம பொண்ணுங்க வாயத் தொறக்கவே வாணாம். காலு சொல்லும்" என்பாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடியில் வரதன் லாரியில் வந்து இறங்கினான். மரத்தைக் காணோம். எல்லாம் இரும்பு. எட்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம், சுற்றிலும் டியூப் லைட்டு, பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மாதிரி ஓர் ஆயில் இன்ஜின். மதுரைவீரன் தள்ளுவதை விட்டுவிட்டு, கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் நின்றான்.

அன்றைக்கு எங்கள் தெரு கொதித்த கொதிப்பு இருக்கிறதே, ரேஷன் அரிசியில் கல் கிடந்தபோதுகூட அப்படிக் கொதிக்கவில்லை. கிறீச் இல்லாத ராட்டினம் ஒரு ராட்டினமா என்றாள் வடிவு. இவள் குப்பம்மாக்காவின் பக்கத்து வீடு, ராட்டினக் கட்சியில் இரண்டாவது இடம். இன்ஜின் சத்தத்தில் மேலே இருக்கிறவன் கத்துவது கீழே கேட்கவில்லை என்றார் ஒருவர். பழைய ராட்டினத்தில் பயப்படுவதற்கே நேரம் இருந்தது, இதில் பயப்படுவதற்குள் இறக்கிவிடுகிறான் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். இவ்வளவும் சொன்னவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டுதான் சொன்னோம். திட்டிக்கொண்டே ஏறினோம். இறங்கி, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து திட்டினோம்.

குப்பம்மாக்கா மட்டும் ஏறவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு வரதன் முன்னால் போய் நின்றாள்.

"இன்னா நைனா பண்ணி வச்சுகிற? எங்க என் கிளித் தொட்டி?"

"அடுப்புக்குப் போச்சுக்கா. கரையான் தின்னுட்ச்சு. தள்றதுக்கும் ஆளு கிடைக்கல. எல்லாம் எஸ்டேட்டு கம்பெனிங்களுக்கு வேலைக்குப் பூட்டானுங்க. நீயே போவலியா?"

 வாதத்தில் மாட்டிக்கொண்டால் தீர்ப்பு சொல்லிவிடுவது அக்காவின் வழக்கம். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "எல்லாரும் கேட்டுக்கங்க. இதுல சுத்தறது சுத்தே இல்ல. எவளாவது பொண்ணு பாக்கறேன்னு இதுல ஏத்துனீங்க, அது செல்லாது. கணக்குலயே வராது, சொல்ட்டேன்."

கட்சி கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் பிறகு அவளுக்கு வினையாக வந்தது.

ஏனென்றால் அவள் மகள் சுசீலாவை அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்க்க வருவதாக இருந்தது. பையன் பெயர் வேலுசாமி. ஆவடியில் டிபன்ஸ் பேக்டரியில் பர்மனன்ட் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. வீட்டுக்குள்ளேயே குழாய். தெருப் பம்பில் குடத்தோடு சண்டை போட்டே பாதி ஆயுள் போன குப்பம்மாக்காவுக்கு அந்தக் குழாய் ஒன்றே போதும். பையனுக்கு இரண்டு மூக்கு இருந்தாலும் அவள் கட்டிக் கொடுத்திருப்பாள். வரச் சொன்ன பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பார்க்கத்தானே போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பையனின் அம்மா பார்வதம் வந்தவாசிப் பக்கத்துக்காரி. தூரத்துச் சொந்தம்தான், ஆனாலும் எங்கள் வழக்கம் தெரியாது. அக்காவே முன்கூட்டிப் போய் எல்லாம் விளக்கியிருந்தாள்: இறங்கினால் இல்லை, இறங்காவிட்டால் ஆமாம்.

சுசீலா தன் தோழி கஸ்தூரியோடு மஞ்சள் தொட்டியில் ஏறினாள். வேலுசாமி எதிரே நீலத் தொட்டியில். இன்ஜின் புகை கக்கியது. ராட்டினம் கிளம்பியது.

முதல் சுற்றிலேயே சுசீலா கம்பியைத் தட்டினாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டாவது சுற்றில் கையை ஆட்டினாள். மூன்றாவதில் எழுந்து நிற்கப் பார்த்தாள், கஸ்தூரி பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சுசீலாவின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. வடிவு ஓடிப்போய் மதுரைவீரன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நிறுத்துடா! பொண்ணு எறங்கணும்ன்றா!"

"பாதியில நிறுத்தக் கூடாதுக்கா. ஒரு பக்கம் கனமாயிடும். டைம் முடிஞ்சாத்தான்."

கூட்டத்தின் மறுபக்கத்தில் குப்பம்மாக்காவோடு நின்ற பார்வதத்துக்கு இதெல்லாம் தெரியாது. "பொண்ணு எவ்ளோ சந்தோஷமா கை ஆட்டுது பாருங்க" என்றார். குப்பம்மாக்கா மகளைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். மனசில் குழாயும் வந்து நின்றிருக்க வேண்டும். பிறகு அவள் சொன்னதை எங்கள் தெரு இன்றுவரை மறக்கவில்லை.

"பாத்தீங்களா சம்பந்தி? இவ்ளோ சுத்து சுத்தியும் எறங்கலியே!"

ராட்டினம் ஒருவழியாக நின்றது. சுசீலா இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். வெள்ளிக்கிழமை தட்டோடு வருவதாகச் சொல்லிவிட்டு பார்வதம் பஸ் ஏறினார்.

அன்று ராத்திரி சுசீலா சாப்பிடவில்லை. மறுநாள் பம்படியில் கஸ்தூரி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "மொதோ சுத்துலேர்ந்து எறக்கிவுடு எறக்கிவுடுன்னு கத்துனா. அந்தாளு மேல போனா கண்ண மூடிக்கறாரு. கீழ வந்தா அவங்கம்மாவப் பாத்து சிரிக்கறாரு. இவ மூஞ்சிய ஒரு வாட்டி கூடப் பாக்கல."

பார்க்க வந்தவன் பார்க்கவில்லை. வேறு பெரிய குற்றம் ஒன்றும் அவன்மேல் இல்லை. ஆனால் இது போதாதா?

வடிவு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் குப்பம்மாக்கா வாசலுக்கு வந்தாள். "மோட்டார் சுத்து செல்லாதுன்னு ஊரக் கூட்டி சொன்னது யாரு?"

"நான்தான். இல்லன்னு சொன்னனா?"

"அப்போ ஒம்பொண்ணு சுத்துனது?"

"அது வேற."

"எப்டி வேற?"

"அவ அழகா குந்திகினு இருந்தா. நீ பாக்கல?"

இந்த "அது வேற" எங்கள் தெருவில் அன்று முதல் பழக்கத்துக்கு வந்தது. கடன் கேட்டால் அது வேற, கறிக்குழம்பில் உப்பு கூடினால் அது வேற. குழந்தைகள்கூட கோலியாட்டத்தில் தோற்றால் அது வேற என்றன. சின்னப்பையன் மாமாவே ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி மெல்லச் சொல்லிப் பார்த்து, அக்கா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

நாங்கள் சிரித்தோம், ஆனால் நாள் நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது. வெள்ளிக்கிழமை தட்டு வாங்கிவிட்டால் அவ்வளவுதான். எங்கள் பக்கம் தட்டு மாற்றிய பிறகு கலைந்த சம்பந்தம் கிடையாது. சுசீலா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மாதானே சொல்லிக் கொடுத்தாள், வாயைத் திறக்க வேண்டாம் என்று!

குப்பம்மாக்காவுக்கும் விஷயம் தெரியாமலா இருக்கும்? பெற்ற வயிறு. ஆனால் கேட்க வாய் வரவில்லை. ஊரில் எல்லோர் வீட்டுச் சமாசாரத்தையும் கேட்டவளுக்குத் தன் மகளிடம் இந்த ஒன்றைக் கேட்கத் தெரியவில்லை. கேட்டுப் பழக்கமே இல்லை. ராட்டினம் இருக்கிற தைரியத்தில் எந்த அம்மாவும் பழகியதில்லை. அந்த வாரம் அவள் கம்பெனியில் நல்ல திருகாணிகளை எல்லாம் எறிந்துவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்களாம். அக்கா அரிசி விலையைப் பற்றிப் பேசினாள். ஏரியில் தண்ணீர் குறைந்ததைப் பற்றிப் பேசினாள். குவார்ட்டர்ஸ் குழாயைப் பற்றிப் பேச வாயெடுத்தவள், அதை அப்படியே விட்டுவிட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி. அன்னிக்கு அந்த மோட்டார் நின்னிருந்தா எறங்கியிருப்பியா?"

சுசீலா தலையைத் தூக்கவில்லை.

"மொதோ சுத்துலயே" என்றாள்.

 எங்கள் தெருச் சரித்திரத்தில் அக்கா கேட்ட இந்தக் கேள்வி ஒன்றுதான் சாட்சி இல்லாமல் நடந்த அதிசயம். அக்கா எழுந்து சோறு போட்டாள். சுசீலா சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அக்கா ஆவடிக்கு பஸ் ஏறினாள். வழி முழுக்க ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாளாம்: "எங்க ஊர்ல மோட்டார் சுத்து செல்லாதுங்க, அடுத்த வருசம் பாக்கலாம்." அழகான வாக்கியம். யாருக்கும் மனசு நோகாது, பழி முழுக்க வரதன் தலையில் விழும். குவார்ட்டர்ஸில் பார்வதம் வாசலைக் கழுவி, தட்டுக்கு வாங்கிய பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பூவைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எம்பொண்ணுக்கு வாணாமாம்" என்றாள் குப்பம்மாக்கா.

பார்வதம் திட்டினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே திட்டினார். ஆட்டி ஆட்டிக் கை காட்டினாளே, கூட்டத்துக்கு நடுவில் சம்பந்தி என்றீர்களே, இந்தப் பூவை நான் என்ன செய்ய? குப்பம்மாக்கா ஒன்றுக்கும் எதிர்வாதம் செய்யவில்லை. தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அவள் அப்படி நின்றாள் என்பதை வடிவு இன்னும் நம்பவில்லை.

திட்டி ஓய்ந்ததும் பார்வதம் அந்தப் பூவைக் கையில் பிடித்தபடியே அவளோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். அது கோபம் ஆறாமல் வந்ததா, மரியாதைக்கு வந்ததா என்று அக்காவுக்கே புரியவில்லை. மரத்தடியில் நின்றதும் பார்வதம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நீங்களேவா கேட்டீங்க, பொண்ண?"

"ஆமாங்க."

"கேட்டதும் சொல்லிட்டாளா?"

"சொல்ட்டா."



"எங்க ஊர்ல ராட்டினமும் இல்ல. என்னை யாரும் கேக்கவும் இல்ல" என்றார் பார்வதம்.

பஸ் வந்தது. பார்வதம் கையிலிருந்த ஈரத்துணியைப் பிரித்தார். அந்தப் பூவில் பாதியைக் கிள்ளி, சுசீலாவிடம் கொடுக்கச் சொல்லி அக்காவின் கையில் வைத்தார்.