சும்மா மாத்திரை

எங்கள் வீட்டில் 'சும்மா' என்ற சொல் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் தமிழ் பேசிப் பாருங்கள், எத்தனை கஷ்டம் என்று தெரியும்.

கொரோனா வந்த முதல் வருஷம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் கீழே நானும் என் கணவரும் இருந்தோம், மாடி அறையில் என் தம்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவனுக்கு வார்டு வேலை. என் கணவர் மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் தவிட்டுத் தூசியைத் தின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். நாலு படி ஏறினால் மூச்சு இழுக்கும். "இவருக்கு அது வந்தா தாங்காதும்மா" என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் தம்பி கீழே வரவே மாட்டான். பின்பக்கப் படியில் ஏறிப் போய்விடுவான். சாப்பாட்டை நான் பாதிப் படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். சாயங்காலம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, இன்னிக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்று கத்துவான். இவர் வாசலில் நாற்காலி போட்டு அண்ணாந்து பதில் சொல்வார். சேர்ந்து கேரம் ஆடிப் பழகிய கைகள், இரண்டு பேருக்கும் அரித்துக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை கொரோனா வராமல் தடுக்குமா என்று ஊழியர்களிடமே கொடுத்துப் பார்ப்பது. விளக்கிச் சொன்ன டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. இங்கிலீஷில் சொன்னால் இதுகளுக்கு ஏறாது என்று தமிழ்ப்படுத்தியிருக்கிறாள்: "பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

தம்பி துள்ளிக்கொண்டு வந்து மாடிச் சுவரிலிருந்து கத்தினான். "பாதிப் பேரு காசு குடுத்து வாங்கணும் போலக்கா. எங்கிட்ட யாரும் காசே கேக்கல. எனக்குச் சும்மா மாத்திரைதான் விழுந்திருக்கு!"

வேறெப்படி நினைப்பான்? காய்கறிக்காரர் கொத்தமல்லியைச் சும்மா போடுகிற ஊர் இது. 'உள்ளே மருந்து இல்லாத மாத்திரை' என்று சொல்ல அந்தப் பெண்ணின் வாய்க்கு என்ன கேடு? "நிஜமாவே வேலை செய்யுமாடா?" என்று கேட்டேன். "தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமாக்கா?" என்று சிரித்தான்.

இவருக்கு அது போதுமாக இருந்தது. "மாத்திரை போட்டாச்சுல்ல? இன்னும் மேல என்ன பண்றே? வா மாப்ள, ஒரு ஆட்டம் போடுவோம்."

வந்தான். முகக்கவசம் முதலில் தாடைக்கு இறங்கியது, பிறகு சட்டைப் பைக்குப் போனது. கேரம் பலகையின் இரண்டு பக்கமும் குனிந்துகொண்டு, முகத்துக்கு முகம் சிரித்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

தம்பிக்குத் தொண்டை கரகரத்தது, சரியாகிவிட்டது. பிறகு இவருக்கு வந்தது. டாக்டர் சொன்னபடியே தாங்கவில்லை. ஓயாமாரி சுடுகாட்டில் எங்களைத் தள்ளியே நிறுத்திவிட்டார்கள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

பல மாதம் கழித்து அந்த டாக்டரம்மா தம்பிக்குப் போன் செய்தாள். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டான்.

"பரிசோதனை முடிஞ்சுதுங்க. உங்களுக்கு வந்தது சும்மா மாத்திரை."

"அது எனக்கு அப்பவே தெரியுமே மேடம்."

"எப்படிங்க தெரியும்? உள்ள மருந்து இல்லீங்க. வெறும் மாவுதான்."

அவளே தொடர்ந்தாள். "கவலைப்படாதீங்க. மருந்து இருந்த மாத்திரையும் தடுக்கலைங்க. அதனால நீங்க எதையும் இழக்கல."

எதையும் இழக்கவில்லையாம்! பயத்தை இழந்தானே, அது கணக்கில் வராதா? அவனை மாடியிலேயே கட்டிப்போட்டிருந்தது அந்தப் பயம்தான். என் கணவருக்கு இருந்த ஒரே மருந்தும் அதுதான். தடுக்காத மருந்து என்று கண்டுபிடிக்க, தடுத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் தம்பி, "சரிங்க மேடம், நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த நன்றியை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் உறையூருக்குக் குடி போய்விட்டான். போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றான்.

"என்னடா, இந்தப் பக்கம்?"

இதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. அது அவன் உதடு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "பஸ் வந்துச்சுக்கா, ஏறிட்டேன்" என்றான்.

வா மாப்ள என்று கூப்பிட இவர் இல்லை. நானும் கூப்பிடவில்லை.