மெமரி கார்டுக்காகக் காத்திருந்த சைராகுல்

நரின் நகரத்து நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் பதினோரு வருடம் ஜீப் ஓட்டினேன். சைராகுல் அக்காவோடு மலைக்குப் போன நாட்களை நினைத்தால் இன்றும் வாயில் உப்புத் தயிர் உருண்டையின் ருசி வரும். ஜீப்பில் ஏறியதும் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். கணக்கு டீச்சராக இருந்தவர். பள்ளிக்கு வந்த பழைய கணினிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்று, எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

மலையில் ஆறு இடங்களில் பதிவுக் கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு கணினி. கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் மையப் பகுதியான கெர்னல் மட்டும் அதிலேயே இருந்தது. மற்ற எல்லாம் மெமரி கார்டில். அதனால் கார்டைப் படிக்கும் டிரைவர் என்ற சின்ன நிரலைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும், கார்டில் வைத்துவிட்டால் அதை எடுக்க வழியில்லை என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார். நான் தலையாட்டுவேன்.

2006 குளிர்காலத்தில் டோலோன் கணவாய்க் கருவி நின்றுபோனது. கீழே கொண்டுவந்தால் ஓடியது. மேலே வைத்தால் உயிர் வரவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கினோம். கார்டுகளே மட்டம், வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்கலாம் என்றார் நிலையத் தலைவர் அசான்பெக். வந்து சேர ஆறு மாதம் ஆகும். அதுவரை கணவாயில் பதிவே கிடையாது.

கோளாறு கார்டில் இல்லை, குளிரில்தான் என்று அக்கா சொன்னதும், "என்ன டீச்சரம்மா, கார்டுக்கும் சளி புடிச்சிடுச்சா?" என்று சீண்டினார்.

"அதத்தான் பாக்கப்போறேன்" என்றார் அக்கா.

கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய், பால்கனியில் காயத் தொங்கிய குதிரைக் கறிக்குக் கீழே வைத்தார். வெளியே மைனஸ் இருபத்தேழு. ஒயர் எட்டவில்லை என்று அவரும் அங்கேயே கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம், தினமும் விடிந்ததும் அதே வேலை. டீ கொண்டுவந்த கணவர் ஷர்ஷென் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "கறியோட உன்னையும் சேத்துத் தொங்க விட்டுடறேன். பிப்ரவரிக்குள்ள நல்லா காஞ்சிடுவ."

கருவி கிளம்பும்போது திரையில் ஓடிய வரிகளை நேரம் குறித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. கடுங்குளிரில் கார்டு விழிக்கச் சில நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. கெர்னல் ஒரே ஒரு தடவை தேடிப் பார்த்து, கார்டு இல்லை என்று கையை விரித்துவிட்டது. கார்டு கண்ணில் படும்வரை தேடிக்கொண்டே இரு என்று நாலைந்து வரி எழுதிச் சேர்த்து, கெர்னலைப் புதிதாக உருவாக்கினார்.

கணவாயில் பனியைத் தோண்டிக் கருவியை வைத்தோம். பச்சை விளக்கு எரிந்ததும் அக்கா அப்படியே பனியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜீப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மார்ச்சில் நிலம் அதிர்ந்தபோது ஆறு பதிவும் முழுசாக வந்தன. அசான்பெக் அக்காவின் மேசைக்கு வந்து, "நல்ல கார்டுதான், டீச்சரம்மா" என்றார். மன்னிப்பு என்று அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த நாலைந்து வரியை அக்கா லினக்ஸ் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கும் அனுப்பியிருந்தார். இதே யோசனையோடு இன்னொருவரும் ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டார் என்று பதில் வந்தது. பட்ட பாடெல்லாம் வீணா என்று நான் பொருமினேன். அவர் சிரித்தார்.

"எங்கயோ இன்னொருத்தனும் இதுக்காக உக்காந்திருக்கான் பாரு, குபத். அவன் வீட்ல என்ன திட்டு வாங்கினானோ."