அஞ்சலையின் கைக்கு மூன்று சோதனை

சங்க வேலை என்றால் கொடி பிடிப்பதும் கோஷம் போடுவதும்தான் என்று நினைப்பவர்கள், ஒருநாள் என்னோடு விழுப்புரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். காலி நாற்காலிகளைப் பார்த்து முழங்கிய தோழர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

திண்டிவனத்தில் எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் அஞ்சலை என்றொரு சித்தாள். பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வந்து கலவை சுமப்பவள். இரண்டு உள்ளங்கையும் வெடித்து, விரலிடுக்கில் நீர் கசிந்து, சோறு பிசைந்து சாப்பிட முடியாது. சிமெண்ட்தான் காரணம் என்றேன். மேஸ்திரி சிரித்தார். "ஆதாரம் கொண்டாங்க தலைவரே, கையுறையும் தர்றேன், வேற வேலையும் தர்றேன்."

முன்கை

துண்டறிக்கை படித்தே தேறியவன் நான். "ஊசி குத்தும் அலர்ஜி சோதனை வையுங்கள்" என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மாவிடம் அடித்துப் பேசினேன். அது தூசி, சாப்பாடு போல உடனே கிளம்பும் அலர்ஜிக்கு, சிமெண்டுக்கு வேறு சோதனை என்றார் அவர். நான் விடவில்லை. முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்தினார்கள். ஆகாத பொருளாக இருந்தால் கால் மணி நேரத்தில் கொசு கடித்ததுபோல் தடிக்கும். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, எல்லோருக்குமே தடிக்கக்கூடிய சொட்டு ஒன்றும் உண்டு.

அதுவும் தடிக்கவில்லை. விசாரித்தால், டாக்டர் பார்க்கிற கை கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று முதல் நாளே அஞ்சலை மெடிக்கலில் அரிப்பு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். அது இந்தத் தடிப்பையும் அமுக்கிவிடுமாம். குத்திய லேப் பையன் என்னைப் பார்த்தான்: "யாருக்கு வச்சாலும் பொங்குற மருந்தே இவங்களுக்குப் பொங்கல. உங்க சங்கத்துல எல்லாருமே இப்படித்தானா தலைவரே?"

ரத்தம்

மாத்திரை போட்டிருந்தாலும் ரத்தச் சோதனை செய்யலாம் என்று தெரிந்ததும் அதையும் கேட்டு வாங்கினேன். எந்தப் பொருளை எதிர்த்து உடம்பு ஆள் திரட்டி வைத்திருக்கிறது என்று அது காட்டுமாம். ஆள் திரட்டுவது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே!

வந்த முடிவில் வேர்க்கடலைக்கு, அதாவது எங்கள் பக்கத்து மல்லாட்டைக்கு, மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆள் திரண்டிருப்பதாலேயே சண்டை நடக்கும் என்று அர்த்தமில்லை, சாப்பிட்டால் ஏதாவது செய்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார் டாக்டரம்மா. அஞ்சலை மடியில் அப்போதும் அவித்த கடலைப் பொட்டலம் இருந்தது. "இத துன்னுக்கினுதாம்மா பஸ்ஸுல வந்தேன். கையக் காட்டுனா மல்லாட்டையப் புடிக்குதே உங்க மெஷினு!"

முதுகு

கடைசியில் டாக்டரம்மா முதலில் சொன்ன ஒட்டுச் சோதனைக்கே வந்தோம். சிமெண்டில் உள்ள குரோமியம் உப்பு, ரப்பர், நிக்கல் என்று சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து, முதுகில் பட்டைகளாக ஒட்டுவார்கள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. பட்டையை எடுத்ததும் ஒருமுறை, பிறகு இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை, எந்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஒட்டிய மறுநாளே ஒரு வீட்டில் தளம் போட்டார்கள். கான்கிரீட் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. அன்றைக்கு வராத சித்தாளை மேஸ்திரி அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார். அஞ்சலை போய்ச் சட்டி சுமந்தாள். வியர்வையில் பட்டைகள் உரிந்து விழுந்தன. கூட வேலை செய்யும் சரசு எல்லாவற்றையும் பொறுக்கித் துடைத்து, பிளாஸ்திரி வாங்கித் திரும்ப ஒட்டிவிட்டாள். எது எங்கே இருந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. முதுகில் ஓரிடம் சிவந்திருந்தது, எதனால் என்றுதான் யாராலும் சொல்ல முடியவில்லை. அஞ்சலைக்கோ பெருமை: "ஒண்ணுகூட வுடல டாக்டரம்மா, எண்ணிப் பாத்துக்குங்க!"

மறுபடியும் முதுகு

இரண்டாம் முறை நானே போய்ச் சண்டை போட்டு அவளை வீட்டில் உட்கார வைத்தேன். குரோமியம் ஒட்டிய இடம் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது. சிமெண்டேதான். பஸ் ஏறும்போது எனக்குப் பழைய ஊர்வலங்களின் நடை வந்துவிட்டது.

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சிமெண்ட்டு ஆவாதுன்னு டாக்டரே சொன்ன ஆள நான் எப்படி வச்சிக்கிறது? நாளைக்கு எதனா பேஜாரு ஆனா நீங்களே கொடி புடிச்சிக்கினு வருவீங்க தலைவரே."

பிசைந்த சோறு

கையுறையும் இல்லை, வேறு வேலையும் இல்லை. இப்போது என்னைத் தூரத்தில் பார்த்தாலே மற்ற சித்தாள்கள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டில் அஞ்சலையைப் பார்த்தேன். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது. "வுடுங்க தலைவரே. கை நல்லாயிடுச்சி. பெசஞ்சி துன்னத்தான் சோறு இல்ல."

உண்மையை நிரூபித்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்று நான் படித்த துண்டறிக்கைகளில் அச்சடித்த ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் தோழர்களே, கிடைத்தால் அவன் முதுகிலும் ஒரு பட்டை ஒட்ட வேண்டும்.