மல்லி போட்ட பீர்

பத்தாவதோடு நின்ற நான் பீரைப் பற்றி எழுதுவதை மன்னியுங்கள். என் மகள் பெங்களூரில் பீர் காய்ச்சுகிறாள். வெட்கத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. குற்றாலம் சீசனுக்கு வந்தவள், மூலிகை போட்ட பெல்ஜியம் வகை பீரை ஒரு தம்ளரில் நீட்டினாள்.

"என்ன மூலிகைட்டி?"

"மல்லிம்மா. உனக்குப் பிடிக்கலன்னா வேலைய விட்டுருதேன்."

முகர்ந்து பார்த்தேன். "பூ வாசமே இல்லையே?"

"பூவா! குழம்புக்கு அரைப்பியே, அந்த மல்லி!" என்று சிரித்தாள்.

ஒரு வாய் குடித்தேன். முதலில் கசப்பு, பிறகு ஆரஞ்சுத் தோல், கடைசியாகத் தொண்டையில் எங்கள் அடுப்படி மணம். இவளும் சமையல்தான் செய்கிறாள் என்று அப்போதுதான் தோன்றியது.

"மல்லிய இன்னும் கொஞ்சம் வறுக்கணும்ட்டி," என்றேன்.

மறுநாள் தென்காசியில் ஒரு கிலோ மல்லி வாங்கிக் கொடுத்து அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.