காளையைப் பார்க்காமல் வரைந்தவன்

தொண்ணூறுகளில் ஒரு கோடை. உடுமலைப்பேட்டைப் பக்கம் மாடுகள் களவு போய்க்கொண்டிருந்தன. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பொலிகாளை. ஊர்ப் பசுக்களைச் சினைப்படுத்த அதை விட்டு, வரும் கூலியை நம்பித்தான் குடும்பம் ஓடியது. அந்த நேரத்தில் ஒருவன் கிளுவை வேலியோரம் குந்திக்கொண்டு அதையே வெறித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒட்டிய கன்னம், அழுக்கு ஜிப்பா. பக்கத்தில் கறுப்பு மைப்புட்டி. தூரிகையைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கையை உதறினான்.

"ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க?"

"படம் போடறனுங்க."

"போட்டா புடிச்சா ஆகாதுங்களா?"

"போட்டாவுல அதோட கோவம் வராதுங்க."

தாளைப் பார்த்தேன். ஒரே இழுப்பில் திமில். காய்ந்த தூரிகையால் ஒரு தேய்ப்பு, அது வால். கண் இல்லை, சுழி இல்லை. ஆனாலும் அது எங்கள் காளைதான். முட்ட வருமுன் தலையைத் தாழ்த்துமே, அதே நிலை.

"திருடனுக்கு அடையாளம் காட்டத்தானுங்க இது? குடுங்க இங்க" என்று பிடுங்கினேன்.

"எடுத்துக்குங்க" என்றான். சண்டைக்கு வரவில்லை. வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கையை உதறினான். காளையைத் திரும்பிப் பார்க்காமலே அதை இன்னொரு தாளில் போட்டு, ஈரம் காயுமுன் என்னிடம் நீட்டினான்.

"இதும் வேணுங்களா?"

நான் வாங்கவில்லை. எத்தனையைத்தான் பிடுங்குவது?

அவன் போனதும் காளையை ஓட்டிவந்து வாசலில் கட்டினேன். அது களவு போகவில்லை, வயதாகித்தான் செத்தது. ஆனாலும் அவனை நான் இன்றுவரை நம்பவில்லை. போட்ட படத்தை அவ்வளவு லேசாக விட்டுப் போகிறவன் எதை எடுத்துப் போக வந்திருப்பான்?