உமாவின் வயலின் தேர்வுக்காக வியன்னா போனோம்

இந்த ஆண்டு, 2006 ஜூன் மாதம் நானும் என் மகள் உமாவும் கோவில்பட்டியிலிருந்து வியன்னாவுக்குப் போய் வந்தோம். அங்கே ஓர் இசைக் கல்லூரியில் மேற்கத்திய வயலின் படிக்க அவளுக்கு நுழைவுத் தேர்வு. பிள்ளைகளை இப்படி அழைத்துப்போக நினைக்கும் சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன். நான் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துபவன், சங்கீதம் தெரியாது. உமாதான் வாரந்தோறும் நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் மதுரைக்குப் போய்க் கற்றுக்கொண்டாள்.

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக விமானம். வயலினைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிகளோடு போட்டுவிடாதீர்கள். அறை எடுக்கும்போது வாசிக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா கூடாது என்றுவிட்டார். உமா கால்வாய்க் கரையில் நின்று பயிற்சி செய்தாள்.

தேர்வில் மூன்று பேராசிரியர்கள். நான் நடைவழியில் காத்திருந்தேன். மாலையில் ஒட்டிய பட்டியலில் உமா பெயர் இல்லை. நம்மூர் அதிகாரியைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்க் கேட்கக் கிளம்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பேராசிரியர்களில் ஒருவர், உயரமான அம்மையார், எங்களைத் தேடி வந்தார். பிள்ளையின் காது அபாரம், வில் பிடிக்கும் கைதான் இறுகியிருக்கிறது என்றார். பட்டப் படிப்புக்கு முந்தைய ஓராண்டு வகுப்பில் தானே சொல்லித் தருவாராம். ஆனால் இதுவரை படித்த பாடங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, சில மாதம் விரல் வைக்காமல் வெறும் தந்தியில் வில்லை இழுக்க வேண்டுமாம்.

எனக்குக் கோபம். டிராமில் ஏறியதும், "ஊர்ல என்னன்னு சொல்லுதது?" என்றேன்.

"நடந்ததச் சொல்லுங்க. அவிய சொன்னது சரிதாம்ப்பா. வேகமா வாசிச்சா தோள்பட்ட வலிக்கும்."

"ஏட்டி, எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவீங்கல்லா."

நிறுத்தியிருப்பேன்தான். இறங்கும்போது வயலின் பெட்டியை அவள் தோளிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் இருவரும் போய்ச் சம்மதம் சொன்னோம். அந்த அம்மையார் உடனே வயலினை எடுக்கச் சொன்னார். வில்லைத் தந்தியில் வைத்து, இழுக்காமல், மூச்சு மட்டும் விடச் சொன்னார். உமாவின் வலது தோள் மெல்ல இறங்கியது. அது அத்தனை நாள் உயர்ந்தே இருந்தது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தேர்வுக்குச் சில மாதம் முன்பே ஒரு பேராசிரியருக்கு எழுதி, ஒரே ஒரு பாடமாவது கேட்டு வாங்குங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மாணவர் விசாவுக்கு ஊரிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, அதனால் திரும்பிவிட்டோம். செப்டம்பரில் உமா தனியாகப் போகிறாள். இன்னொன்று, வலிக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பாடத்தை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது எங்கள் மாடியிலிருந்து காலை முழுக்க ஒரே சுரம்தான் கேட்கிறது. நேற்று எதிர்க்கடை அண்ணாச்சி தெருவில் நின்று கேட்டார், "என்னம்மா, சீமைக்குப் போயி வாசிக்கதையே மறந்துட்டு வந்துட்டியா?"

உமா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முழுசா மறக்கல மாமா. அதுக்குத்தான் கஷ்டப்படுதேன்."