தாராவிக் குழாயடியில் அம்மன் காட்டிய பிள்ளை

மகனிடமிருந்து கடுதாசி நின்றுபோனது. வருசம் அறுபத்து நாலோ அஞ்சோ, சரியாக நினைவில்லை. ஆடி மாசம். வீட்டுக்காரர் தவறிப்போயிருந்தார், எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். பம்பாயில் மாட்டுங்காப் பக்கம் காலேஜில் சேர்ந்திருந்தான். இரண்டு கடுதாசி வந்தது, அதோடு சரி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பம்பாய்க்குத் திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோடு ரயில் ஏறினேன். அவர் ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மகன் போட்ட கடுதாசியை நீட்டினேன். காவல்காரன் வாங்கிப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னான். ஹாஸ்டல் சமையல்காரர் பாலக்காட்டுப் பக்கம், தமிழ் பேசுவார். கடுதாசியில் பேரைப் பார்த்தார். அவர்தான் சொன்னார்: "அவன் போயி மூணு வாரம் ஆச்சேம்மா. இங்க சாப்பாடே எறங்கலை. சாயங்காலமானா தாராவிக்குப் போயிடுவான். அங்க போய்க் கேட்டுப் பாருங்கோ."

வழி கேட்டு நடந்தேன். கடுதாசி காவல்காரன் கையிலேயே நின்றுவிட்டது. திருப்பிக் கேட்கக் கூச்சம்.

தாராவிச் சந்துக்குள் நுழைந்ததும் திகைத்துப் போனேன். கருவாடு வறுக்கிற மணம். வாசலில் ஆடு கட்டிக் கிடக்கிறது. சந்து முனையில் வேப்பிலை கட்டின சின்ன அம்மன் கோயில். ரெண்டு நாள் ரயிலில் வந்தது பொய்யோ, திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு சிற்றூரில் இறங்கிவிட்டேனோ என்று இருந்தது. குழாயடியில் பெண்கள் சண்டை போடுகிறார்கள், அதுவும் நம்ம ஊர்ச் சண்டை.

அண்ணியை மைனி என்கிற நம்ம ஊர்ப் பேச்சிலேயே ஒருத்தி கேட்டாள், "யாரு மைனி வேணும்?"

"என் மகன்."

"பேரு?"

எனக்கு வாய் எழவில்லை. அவனுக்கு என் மாமனார் பேரை வைத்திருந்தது. மாமனார் பேரை மருமகள் சொல்லுகிற வழக்கம் இல்லை. பிறந்ததிலிருந்து நான் அவனை 'அய்யா' என்றுதான் கூப்பிடுவேன்.

"பேரு சொல்லாம தேடினா பம்பாயில பூனைக்குட்டி கூட கெடைக்காது மைனி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

காலேஜ் பையன் என்றேன். அப்படி ஒருத்தனும் இங்கே இல்லை என்றார்கள். கோயில் முன்னால் போய் நின்றேன். தாயே, பெத்த பிள்ளை பேரைக் கூடச் சொல்ல முடியாமல் நிற்கிறேன், நீ பார்த்துக்கொள் என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது குடத்தோடு நின்ற ஒரு பெரியம்மா மற்றவர்களை அதட்டினாள். "மாமனார் பேராத்தான் இருக்கும், அதான் வாய மூடிட்டு நிக்கா. நாம சொல்லுவோம்ட்டி, அவ தலையாட்டட்டும்."

ஆளுக்கொரு பேராகச் சொன்னார்கள். இசக்கியா? சொடலையா? பேச்சிமுத்தா? கடைசியில் மாடசாமி. தலையாட்டினேன். (அந்தப் பேரை மட்டும் இதில் என் பேத்தி எழுதினாள்.)

"அய்யய்ய, இந்தச் சந்துக்கே ஆறு மாடசாமி!" என்று சொல்லி, பெரியம்மா குரல் எடுத்தாள். "ஏலே மாடசாமி!"

மூன்று வீட்டிலிருந்து மூன்று தலை எட்டிப் பார்த்தது. மூன்றாவது என் மகன்.

"யம்மா" என்றான். கையைப் பின்னால் மறைத்தான். தோல் கிடங்கில் வேலை செய்து கை நிறம் மாறிப்போயிருந்தது. படித்தவன் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லையாம்.

"அங்க ஒருத்தரும் எங்கூட பேசலம்மா. இங்க வந்தா 'சாப்டியாலே'ன்னு கேட்டாங்க. திரும்பிப் போக மனசு வரல."

நான் திட்டவில்லை. ஊருக்குக் கூட்டிப்போனால் படிப்பு போகும். ஹாஸ்டலில் விட்டால் திரும்பவும் ஓடிவருவான். அம்மன் கண்ணில் காட்டின இடத்திலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. பெரியம்மாவே ஒரு குடிசை பார்த்துக் கொடுத்தாள். மறுநாள் அவன் காலேஜில் போய் மன்னிப்புக் கேட்டான். பதிவேட்டில் அவன் பேரை இன்னும் அடித்திருக்கவில்லை, வகுப்பில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தினமும் கஞ்சி குடித்துவிட்டு தாராவியிலிருந்து நடந்தே போனான். படித்து முடித்து வேலைக்கும் போனான்.

மகனைத் தேடி வந்தவள் இங்கேயே கிழவியாகிவிட்டேன். வருசா வருசம் ஆடிச் செவ்வாயில் கூழ் காய்ச்சி ஊற்றுகிறேன். யார் வந்து நின்றாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.

அக்கா தங்கச்சிகளே, கஷ்டம் வந்தால் அம்மனிடம் போங்கள். நல்லபடியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சும்மா போய் நின்றாலே போதும். அவள் பார்த்துக்கொள்வாள்.